தாயின் முதுகு

அநியாயத்துக்கு ஆளானவள் மூத்தவள் மர்யம் லாத்தா. செய்தவர் அவளுடைய புருஷன் மொகுதூம் மச்சான். செய்தது ஒரே ஒரு வாக்கியத்தால். முன்வாசலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று, 'இனிமே நீ எனக்கு எங்க உம்மாவோட முதுகு மாதிரி' என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினவர்தான். ஏழு மாசமாகப் படி மிதிக்கவில்லை. தலாக் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் லாத்தா மூன்று மாசக் காத்திருப்பான இத்தாவை இருந்து முடித்து அவள் பாட்டுக்கு இருந்திருப்பாள். பெண்டாட்டியாகவும் வைத்துக்கொள்ளவில்லை. யார், எவரால், எப்படி என்று இந்த மூன்றையும் வரிசையாக அடுக்கி, அதற்கு மேல் கேள்விகளையும் அடுக்கி, பல்கலைக்கழகத்திலிருந்து லீவு போட்டு பஸ் ஏறி வந்திருந்தாள் தங்கச்சி நுஸைபா. வந்து என்ன, இப்போது கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் தொங்குகிற பச்சைத் திரைக்குப் பின்னால், கையில் தம்மடைப் பலகாரத் தட்டோடு ஊமையாக நிற்கிறாள். காலையிலேயே லாத்தா கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். 'இன்னைக்கு நீ வாயத் தொறக்கக் கூடாது புள்ள. பஞ்சாயத்து எனக்கு. பேசுனா நான் பேசுதேன்.' பேசுவாளா இவள்? கல்யாணத்துக்குச் சம்மதமா என்று ஆலிம்சா கேட்டபோதுகூட மூன்றாம் தடவைதான் 'உம்' என்றாள். அதையும் உம்மா இடித்த பிறகு. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து மூன்று நாற்காலியில் இரண்டு நிரம்பியிருந்தது: உம்மாவின் பெரியப்பா மகன் சுல்தான் மாமா, தெரு ஜமாஅத்தில் எல்லாச் சண்டைக்கும் அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறவர், பக்கத்தில் பள்ளிவாசலின் இளம் ஆலிம்சா, நாற்காலி நுனியில், முள்மேல் உட்கார்ந்த மாதிரி. மூன்றாவது நாற்காலி மச்சானுக்குப் போட்டது. காலியாக இருந்தது. அவர் தெருமுனையில் டீக்கடையில் நிற்கிறாராம், கூப்பிட்டால் வருவாராம். காற்றாடி கிரீச் கிரீச்சென்று சுற்றி, பேச்சில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் திரைக்குத் தள்ளியது.

ஆலிம்சாவுக்கு ஏன் முள் என்று நுஸைபாவுக்குத் தெரியும். அந்த வாக்கியம் மச்சானுக்கு வேறெங்கிருந்து கிடைத்தது? தமிழில் யாரும் பெண்டாட்டியைப் பார்த்து உம்மா முதுகு என்று திட்டுவதில்லை. சனியன் என்பான், வாயாடி என்பான், போய்த் தொலை என்பான், முதுகு வராது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பேச்சில் இந்த ஆலிம்சாதான், அறியாமைக் காலத்து அரபிகள் என்னென்ன அக்கிரமம் செய்தார்கள் என்று மைக்கில் விளாசினார். பெண் சிசுவை மண்ணில் புதைத்தார்கள், சிலைக்கு முன்னால் அம்பு உருட்டிக் குறி கேட்டார்கள், பெண்டாட்டி பிடிக்காமல் போனால் நீ என் தாயின் முதுகு போல என்று சொல்லி, விடவும் மாட்டாமல் வைக்கவும் மாட்டாமல் தொங்கவிட்டார்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஒருத்தி நபியவர்களிடம் நியாயம் கேட்டுப் போனதையும், அந்தச் சொல்லை ஒழித்து, சொன்னவனுக்குப் பரிகாரம் வைத்ததையும் கடைசிவரை சொன்னார். ஒலிபெருக்கி தெருவெல்லாம் கேட்டது. லாத்தா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள், உம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள், மச்சான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே கேட்டார். அடுத்த வாரத்துக்குள் அவருக்கும் லாத்தாவுக்கும் சண்டை. சென்னையில் கடைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாயிற்று, வந்து இரு என்றார். இந்த ஊரில் பெண் புருஷன் வீட்டுக்குப் போகிற வழக்கமில்லை. வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் பொழுது சாய வந்து இருப்பார். லாத்தா, 'உம்மாவத் தனியா உட்டுட்டு எப்படி' என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அவர் பதிலுக்குத் துழாவினார். ஜும்ஆவில் கேட்டது கையில் தட்டுப்பட்டது. பாருங்கள் இந்தப் பாவி மனுசன் பொறுக்கின அழகை. இந்தக் கத்தி ஆகாது என்று ஆலிம்சா தூக்கிக் காட்டினால், இவர் பிடி நன்றாக இருக்கிறதே என்று வாங்கிக்கொண்டார். ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முன்னால் ஒழித்துக்கட்டின ஒரு சொல், ஒழித்த கதையின் வழியாகவே நடந்து வந்து இந்த வாசலில் ஏறியிருக்கிறது. எந்தக் கதையிலும் மனுசர்கள் எதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்? முழுக்கதையும் கேட்டவர்தானே, முடிவு எப்படிக் காதில் விழாமல் போயிற்று?

முதுகு ஏன், அதுதான் நுஸைபாவுக்கு முதலில் விளங்காதது. முகம் இருக்கிறது, மடி இருக்கிறது, தாய் என்றால் எவனுக்கும் மடிதான் நினைவு வரும். அந்த அரபிகள் முதுகைப் பிடித்தார்கள். குர்ஆன் உரைகாரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள், முதுகு என்பது ஏறிப் போகிற இடமாம், ஒட்டகத்துக்கும் அதுதான், மனைவிக்கும் அந்தக் கணக்குத்தானாம். அதைப் படித்த அன்று ஹாஸ்டலில் சோறு இறங்கவில்லை. இப்போது அவளுக்கு முன்னால் உம்மாவின் முதுகு இருந்தது. அடுப்பில் தேயிலை கொதிக்க, குனிந்து, ரவிக்கை வியர்வையில் ஒட்டி, முதுகெலும்பு மணிமணியாகத் தெரிய. இந்த முதுகு என்ன குற்றம் செய்தது, இதைத் தூக்கி ஒருத்தியின் தலையில் போடுவதற்கு? உம்மா திரும்பாமலே, 'தட்டச் சாய்க்காதளா, தம்மட விழுந்துரும்' என்றாள். முதுகில் கண். நபியவர்களிடம் நியாயம் கேட்டுப் போன அந்தக் காலத்துப் பெண், சொல்லைக் கேட்ட நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. மாவு பிசைந்தாளா, தண்ணீர்த் தோல்பையைத் தூக்கினாளா. அவள் பேர்கூட ஒன்றுபோல் இல்லை. சிலர் கவ்லா என்கிறார்கள், சிலர் குவைலா, தகப்பன் பேரிலும் தகராறு. சொல்லைச் சொன்ன புருஷன் அவ்ஸ். அவர் வயதானவர், முன்கோபி, சொன்ன கொஞ்ச நேரத்தில் கோபம் தணிந்து திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி பக்கத்தில் உட்காரப் பார்த்தார், இதெல்லாம் இருக்கிறது. தள்ளு என்றாள் அவள். தீர்ப்பு வரட்டும், அதுவரைக்கும் தொடாதே. நுஸைபாவுக்கு அந்த இடம் எத்தனை தடவை படித்தாலும் உடம்பு சிலிர்க்கும். நேரே நபியவர்களிடம் போனாள். இது பற்றி எனக்கு இறைவசனம் ஒன்றும் இறங்கவில்லை, நீ அவருக்கு ஆகாதவளாகிவிட்டாய் என்றே தோன்றுகிறது என்ற மறுமொழி கிடைத்த பிறகும் எழுந்து போகவில்லை. திரும்பத் திரும்பப் பேசினாள். என் இளமை போயிற்று, பெற்றுப் போட்டேன், இப்போது என்னை இப்படிச் சொல்லிவிட்டான். அந்தச் சின்ன வீட்டின் ஒரு மூலையில் இருந்த நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகிக்கே அவள் பேச்சில் கொஞ்சம்தான் கேட்டதாம், மீதி கேட்கவில்லையாம். ஏழு வானத்துக்கு மேலே இறைவனுக்குக் கேட்டுவிட்டது. அதே அறையில் இருந்தவருக்குக் கேட்கவில்லை என்றால் எவ்வளவு மெதுவாகப் பேசியிருப்பாள். குர்ஆனில் தர்க்கம் செய்தவள் என்றே பெயர் வாங்கினவள் கத்தவேயில்லை. இதை நுஸைபா இதுவரை யோசித்ததில்லை. தர்க்கம் என்றால் தொண்டை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தொண்டையால்தானே வகுப்பில் அத்தனை வம்பு. பேராசிரியர் இஸ்லாத்துக்கு முந்தின அரேபியாவை இரண்டே வாக்கியத்தில் முடித்தார். இருண்ட காலம், காட்டுமிராண்டிகள், அடுத்த பாடம். இவள் எழுந்தாள். சார், அப்படி இருண்டு கிடந்தால் கதீஜா நாயகி விதவையாக இருந்துகொண்டு எப்படி வியாபாரம் பண்ணினாங்க, ஆண்களைச் சம்பளத்துக்கு வைத்து சிரியாவுக்குச் சரக்கு அனுப்பினாங்க, தாங்களே கேட்டு நபியவர்களைக் கல்யாணம் முடிச்சாங்க? வகுப்பு திரும்பிப் பார்த்தது. வருசத்தில் நாலு மாசம் சண்டை கூடாது என்று வாள்களை உறையில் போட்டுவிட்டுச் சந்தையில் கூடிக் கவிதையால் மோதிக்கொண்டவர்கள் வெறும் காட்டுமிராண்டியா? அதே ஆட்கள் பெண் பிறந்தால் முகம் கறுத்தார்கள், அதே ஆட்கள் மூன்று பெண் தெய்வங்களிடம் போய் மழையும் மகனும் கேட்டார்கள். இது எப்படி ஒரே நெஞ்சில் இருந்தது என்று நாம் கேட்க வேண்டாமா? பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'ஏம்மா, உனக்குக் கோபம் யார் மேல? என் மேலயா, அவங்க மேலயா?' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், உட்காரவில்லை. ஆய்வுக்கு அந்தக் காலத்து மணமுறைகளையே எடுத்துக்கொண்டாள். தோண்டத் தோண்ட அவளுக்குத் தன் ஊர் தெரிந்தது. பெண் தன் ஆட்களோடேயே இருக்க, புருஷன் வந்து போகிற குடும்பங்கள் அங்கேயும் இருந்தன என்கிறார்கள் சில அறிஞர்கள். எத்தனை குலத்தில், எவ்வளவு காலம் என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பழைய அரபு ஏடுகளில் ஒரு செய்தி கிடைத்தது. அந்தப் பெண்களில் சிலர் புருஷன் வேண்டாம் என்றால் வாயால் ஒன்றும் சொல்வதில்லையாம். கூடாரத்தைத் திருப்பி வைத்துவிடுவார்களாம். கிழக்கே பார்த்த வாசல் மேற்கே பார்க்கும். வருகிறவன் பார்ப்பான், விளங்கிக்கொள்வான், ஒட்டகத்தைத் திருப்புவான். ஆகா என்று இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு அலைந்தாள். மூன்று நிலைக் கதவு வைத்த இந்தக் காரை வீட்டை யார் திருப்புவது? இங்கே முன்வாசல் தெருவுக்கு, ஆண்களுக்கு. பின்வாசல் முடுக்குக்கு, பெண்கள் மட்டும் நடக்கிற அந்த ஒடுக்கமான சந்துக்கு. லாத்தா ஏழு மாசமாக முடுக்கில்தான் நடந்தாள், கடைசி வீடுவரை போவாள், வருவாள். முன்வாசலில் அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பிறகு செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் கையில் இருக்கிற வேலை நிற்கும். அடுத்த வீட்டுச் செருப்பு. வேலை மறுபடி நடக்கும். வெள்ளிக்கிழமை மீன் வாங்கினால் தலைத் துண்டை எடுத்துத் தனியே மூடி வைப்பாள். யாருக்கு என்று உம்மாவும் கேட்க மாட்டாள், அவளும் சொல்ல மாட்டாள். மறுநாள் பூனைக்குப் போகும். பூனை கொழுத்துவிட்டது.

இந்த மீன் தலைதான் நுஸைபாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் கவ்லாவின் கதையில் அவளுக்குச் செரிக்காத இடமும் அதுதான். வசனம் இறங்கியது, அது பொய்யான சொல், அதனால் மனைவி தாயாகிவிட மாட்டாள் என்று ஆயிற்று, ஆனால் சொன்னவன் சும்மா திரும்ப முடியாது. மனைவியைத் தொடுமுன் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவன் இரண்டு மாசம் விடாமல் நோன்பு நோற்க வேண்டும். அதற்கும் உடம்பில் சக்தியில்லாதவன் அறுபது ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும். படிப்படியாக இறங்குகிற ஏணி. மேல்படியில் கால் வைக்க முடிகிறவன் கீழே குதிக்கக் கூடாது. அருமையான தீர்ப்பு. அந்த இடத்தில் இவள் என்ன செய்கிறாள்? இவ்வளவு தர்க்கம் செய்து ஜெயித்தவள், ஒவ்வொரு படிக்கும் புருஷனுக்காகப் பேசுகிறாள். அடிமையா, அவரிடம் ஏது. நோன்பா, அவர் வயதாளி, தாங்க மாட்டார். சோறா, அவரிடம் ஒன்றுமில்லை. கடைசியில் நபியவர்கள் ஒரு கூடை பேரீச்சம்பழம் உதவியாகக் கொடுக்க, நானும் ஒரு கூடை போடுகிறேன் என்றாள். ஏன்? யாருக்காக இந்தப் பேரம்? நுஸைபா நூலகத்தில் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று கோபப்பட்டிருக்கிறாள். கொஞ்சம் விட்டிருந்தால் அவருக்குப் பதில் இவளே நோன்பிருந்திருப்பாள். அப்புறம் இன்னொரு நாள், வேறு மாதிரி தோன்றியது. அவர் உண்மையிலேயே வயதாளி. அவள் சொன்னதில் பொய் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள், கோபம் இருந்தபோதும். அது பெரிய காரியமா, இல்லை வெறும் பழக்கமா? இங்கேதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் கால் இடறி விழும். எழுந்து மறுபடி முதலிலிருந்து நடக்கும். அவள் வீட்டைத்தான் மீட்டாளா, புருஷனையா, தன் சொல்லையா? கேட்டால் சொல்ல அவள் இல்லை. மூலையில் இருந்தவருக்கே பாதிதான் கேட்டது. இத்தனை நூற்றாண்டு தள்ளி நிற்கிற எனக்கு எவ்வளவு கேட்கும். இப்போது பயம் வேறு. பயம், லாத்தாவும் அந்த ஜும்ஆவை முழுசாகக் கேட்டவள். அவளுடைய காதில் எந்தத் துண்டு தங்கியிருக்கும்? மச்சானுக்குக் கத்தி தங்கியது. லாத்தாவுக்கு அந்தப் பேரீச்சம்பழக் கூடைதான் தங்கியிருக்கும், சந்தேகமேயில்லை, மீன் தலை எடுத்து வைக்கிறவள் அல்லவா. உம்மா கையிலிருந்து தேயிலைக் கிளாசுகளை நுஸைபா வாங்கி, திரையின் ஓரத்தால் தட்டை நீட்ட, சுல்தான் மாமாவின் மோதிரக் கை வந்து வாங்கிக்கொண்டது. லாத்தா திரைக்கு இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, துப்பட்டி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. இவள் என்னதான் நினைக்கிறாள் என்று பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியவில்லையே, பெரிய ஆராய்ச்சிக்காரி.

'மர்யம், கேட்டுக்கிட்டிருக்கியாம்மா' என்றார் சுல்தான் மாமா, தம்மடையை மென்றுகொண்டே. 'அவன் மனசு மாறிட்டான். சென்னைப் பேச்சே இனி கிடையாது, இங்கனயே வந்து இருப்பான். ஏதோ கோபத்துல வாயி வழுக்கிட்டு. அதுக்கு ஒரு பரிகாரம் இருக்கு, செஞ்சுட்டா முடிஞ்சுது. என்ன ஆலிம்சா?' ஆலிம்சா தொண்டையைச் செருமிக்கொண்டு, மூணு இருக்கு மாமா, வரிசையா இருக்கு என்றார். 'அடிமைய விடுதலை பண்ணணும்னா இப்ப அடிமைக்கு எங்க போக' என்று மாமா சிரித்தார், 'நாமதான் பொண்டாட்டிமார்கிட்ட அடிமையா கெடக்கோம், நம்மள யார் விடுதலை பண்ணுதா.' உம்மாவும் அடுப்பங்கரையில் லேசாகச் சிரித்தாள், பாவம், மாப்பிள்ளை வருகிறார் என்ற சந்தோசத்தில். நுஸைபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'பெறவு நோன்பு. அவன் கடை, சரக்கு, அலைச்சல்னு ஓடுதவன். வயித்துல வேற புண்ணு இருக்குங்கான். எப்படிப் புடிப்பான்? அதனால நான் ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். அறுவது ஏழைக்கு நெய்ச்சோறும் களறிக் கறியும் ஆக்கிப் போட்டுருவோம். வார ஞாயித்துக்கிழமை. ஆடு நான் தாரேன்.' சத்தியம், சத்தியம் என்று நுஸைபா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏணியின் நோன்புப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள், அதுவும் கறிச்சட்டிக்குள். ஒரு மனுசி ஏழு மாசம் செருப்புச் சத்தம் கேட்டு உட்கார்ந்திருந்ததற்கு விலை, இவர்கள் வயிறார உண்டு கைகழுவுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. வயிற்றில் புண்ணாம். போன வாரம் கடற்கரை மைதானத்தில் பந்து விளையாட்டில் தடுத்து ஆடி எதிரணிக்காரன் ஒருத்தனைச் சாய்த்துத் தள்ளினவர் யார்? முடுக்கு முழுக்கத் தெரியும். காற்றாடி கிரீச்சென்றது. ஆலிம்சாவின் குரல் கொஞ்சம் தணிந்து வந்தது: 'முடியாதவருக்குத்தான் சோறு, மாமா. அவருக்கு முடியலங்கிறது நிசந்தானான்னு தெரியணும். அந்தக் காலத்துல அந்தம்மா வந்து, என் வீட்டுக்காரர் வயசாளி, தாங்க மாட்டாருன்னு அவங்க வாயாலேயே சொன்னாங்க. அதே மாதிரி இவங்களும் அவருக்கு உடம்பு சுகமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, எனக்கும் மனசு சமாதானமாயிரும்.' அப்படி வந்து நின்றது. அந்தக் கூடையை இவள் தலையிலேயே தூக்கி வைத்துவிட்டார்கள், அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லியே. 'அவ்வளவுதானே' என்றார் மாமா, 'சொல்லு மர்யம். ஒரு வார்த்தை. அவன் டீக்கடையில நிக்கான்.' லாத்தாவின் விரலில் துப்பட்டி நுனி சுற்றுவது நின்றது. உம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள், முதல்முறையாக முகம். சொல்லிவிடு என்கிற முகம். நுஸைபா கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லப் போகிறாள், அவுங்க பாவம் மாமா என்று சொல்லப் போகிறாள், சொன்னால் நான் சத்தியத்தை உடைப்பேன், உடைத்தால் இவள் என்னோடு பேச மாட்டாள், பேசாவிட்டால் பரவாயில்லை, இல்லை, பரவாயில்லாமல் இல்லை. கண்ணைத் திறந்தபோது லாத்தா எழுந்து திரைக்கு அருகில் போயிருந்தாள். துணி அவள் மூச்சில் அசைந்தது. சத்தம் உயரவேயில்லை; பக்கத்தில் நின்ற நுஸைபாவே எட்டிக் கேட்க வேண்டியிருந்தது; ஆனால் கூடத்தில் ஆலிம்சா எழுந்து போய்க் காற்றாடியை நிறுத்தினார். 'அந்தம்மா பொய் சொல்லல்ல ஆலிம்சா, அவுங்க வீட்டுக்காரர் நிசமாவே வயசாளி. இவுங்களுக்கு முப்பத்தி நாலு. போன ஞாயித்துக்கிழம மைதானத்துல பந்து வெளையாடுனாங்க. உடம்பு நல்லாத்தான் இருக்கு. நோன்பு புடிக்கட்டும், ரெண்டு மாசமும். நடுவுல ஒண்ணு உட்டா மொதல்ல இருந்து புடிக்கணும், அதையும் நீங்கதான் மைக்குல சொன்னிய. புடிச்சு முடிச்ச பெறவு வந்து கதவத் தட்டச் சொல்லுங்க மாமா. தொறக்கவா வேண்டாமான்னு அன்னைக்கு நான் சொல்லுதேன்.'